அப்பாவின் சுண்டுவிரல்

என் மகனுக்கு,

உன் அண்ணன் மகள் ஜெபா பி.காம். முடித்துவிட்டாள். வேலூரில் ஒரு பாங்கில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். மேனேஜரே எழுந்து வந்துதான் அவளிடம் சந்தேகம் கேட்கிறாராம். அவள் தம்பி சாமுவேலுக்குக் காட்பாடியில் அந்தப் பெரிய காலேஜில் கம்ப்யூட்டர் படிக்க இடம் கிடைத்து, பாதிக் கட்டணமும் தள்ளுபடி ஆகியிருக்கிறது. நம் தெருவிலிருந்து அந்தக் கேட்டுக்குள் படிக்கப் போன முதல் பிள்ளை அவன்தான். உன் அக்காவின் மூத்த மகன் ஓட்டப் பந்தயத்தில் மாவட்டக் கோப்பை வாங்கினான். உலகத்துக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்புகிற ஆம்பூரில் பிறந்துவிட்டு வெறுங்காலோடு ஓடினான். அவள் சின்ன மகன் ஞாயிறு பள்ளியில் ஒரு முழுச் சங்கீதத்தை எங்கேயும் தடுக்காமல் ஒப்பித்தான். கேட்டுக்கொண்டிருந்த நான்தான் மூச்சுவிட மறந்தேன். அஞ்சாவதோடு நின்றுபோன ஒருத்தியின் பேரப்பிள்ளைகள் இவர்கள். கடைக்குப் போனாலும், ரேஷனில் நின்றாலும், இதை ஒருவரிடமாவது சொல்லாமல் நான் வீடு திரும்புவதில்லை.

இவையெல்லாம் உனக்குப் புதிய சேதி என்று நினைத்துத்தான் எழுத ஆரம்பித்தேன். பாதியிலேயே கை நின்றுவிட்டது. உனக்கு எல்லாம் முன்பே தெரியும், இல்லையா? சாமுவேலுக்கு இடம் கிடைத்த அன்றைக்கே தெரிந்திருக்கும். ஜெபாவுக்குக் குடியாத்தத்தில் மாப்பிள்ளை முடிவானதும், வருகிற மாதம் கல்யாணம் என்பதும், என்ன நிறத்தில் புடவை எடுத்திருக்கிறார்கள் என்பதும்கூடத் தெரிந்திருக்கும். அஞ்சு வருஷமாக உன்னோடு ஒரு வார்த்தை பேசாத வீடு இது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது எதையும் நம்புவதற்கில்லை. யாராவது சிரித்துக்கொண்டே வெளியிலிருந்து வந்தால், யாரோடு பேசிவிட்டு வருகிறார்கள் என்று முகத்தைப் பார்க்கிறேன்.

நீ சபையை விட்டுப் போன ஞாயிற்றுக்கிழமையை நீ மறந்திருக்க மாட்டாய். உன்னோடு ஷூ கம்பெனியில் ஒரே டேபிளில் வேலை செய்த மேல்விஷாரத்து முஸ்லிம் பையன் வண்டியில் அடிபட்டுச் செத்துப்போனான். உன் தோஸ்த். தினமும் உனக்கும் சேர்த்துச் சோறு கட்டிக்கொண்டு வந்தவன். அவன் ஆத்துமா எங்கே போயிருக்கும் என்று நீ சபையில் எழுந்து நின்று கேட்டாய். சபையை நடத்துகிற மூப்பர் சொன்ன பதிலை நான் இங்கே எழுதவில்லை. "அப்படின்னா எனக்கும் அங்கேயே எடம் போடுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு நீ செருப்பை மாட்டிக்கொண்டாய். அடுத்த வாரமே உன் பெயரைச் சொல்லி, இவன் புறம்பானவன், இவனோடு நமக்கு ஐக்கியம் இல்லை என்று அறிவித்தார்கள். ஒரே பந்தியில் உட்காரக் கூடாது, வீட்டுக்குள் சேர்க்கக் கூடாது, எதிரில் வந்தால் ஸ்தோத்திரம் சொல்லக் கூடாது. எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

உன் பெட்டியை எடுக்க நீ வந்தபோது வாசலில் நின்று என்னிடம் சொன்னதும் நினைவிருக்கிறது. "அம்மா, பதினெட்டு வயசு ஆகலன்னா எங்க கம்பெனி கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்க. ஷூ வாங்கற வெளிநாட்டுக்காரன் வந்து வயசு சர்டிபிகேட்டு எடுத்துக் காட்டுன்னு கேக்கறான். ஒரு ஷூவுக்கு லேசு கோக்கறதுக்கே அவ்ளோ வயசு வேணும்னா, சாவற வரைக்கும் இப்படித்தான் இருப்பேன்னு பத்து வயசுல எங்கிட்ட வாக்கு வாங்கினீங்களே, அது இன்னா கணக்கு?" என்றாய். நான் உன் பெட்டியை வாசலுக்கு நகர்த்தி வைத்தேன். பேசக் கூடாது என்பது கட்டளை.

உனக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாளை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. பாலாற்றில் முங்குவதற்குத் தண்ணீர் எங்கே இருந்தது? மூடிப்போன தோல் ஷாப்பில் தோல் ஊறவைக்கிற பழைய தொட்டியைத் தேய்த்துக் கழுவி, லாரித் தண்ணீர் அடித்து நிரப்பினார்கள். எவ்வளவு கழுவியும் அந்தச் சுண்ணாம்பு வாடை போகவில்லை. வெள்ளைச் சட்டையில் நீ நடுங்கிக்கொண்டு நின்றாய். "விசுவாசிக்கிறாயா?" என்று மூப்பர் கேட்டதற்கு, "அம்மா வர சொன்னாங்க" என்று நீ சொன்னாய். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மூப்பரும் சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் கேட்டார். நான் கரையிலிருந்து தலையை ஆட்டினேன். நீ "ஆமா" என்றாய். அது தப்பு என்று எழுத வைத்துவிடலாம் என்று பார்க்காதே. எனக்குத் தெரிந்த நல்லதில் பெரியது எதுவோ அதைத்தான் உனக்குக் கொடுத்தேன். ஆனால் நீ கேட்ட கேள்வி இந்த வீட்டில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது, உட்காரச் சொல்ல ஆளில்லாமல்.

இனி நான் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன். முதலில் உன் அண்ணன்மேல்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. போன மழைக்காலத்தில் ஒரு நாள் சாப்பிடும்போது, "மேல்விஷாரத்துல மழை ஜாஸ்தியாம், மாடியெல்லாம் ஒழுவுதாம்" என்றான். நீ அந்த ஊரில்தான் குடியேறினாய் என்று எனக்கும் கேள்வி, யார் வீட்டு மாடி என்று கேட்டேன். கட்டிங் செக்‌ஷனில் யாரோ சொன்னார்களாம். அடுத்து உன் அண்ணி. எள்ளுருண்டை பிடித்தால் அதில் ஒரு பங்கு எங்கே போகிறது என்று தெரியாது. கேட்டால், "உங்க புள்ளதான் கம்பெனிக்கு எடுத்துட்டுப் போனாரு அத்தை" என்பாள். உன் அண்ணனுக்கு எள் ஒத்துக்கொள்ளாது என்பது பெற்றவளுக்குத் தெரியாதா? உன் அப்பாவைப் பற்றி மட்டும் நான் யோசிக்கவே இல்லை. அவர் மாதம் ஒரு முறை சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வேலூர் போவார். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். வந்ததும் பசி இல்லை என்று படுத்துவிடுவார். வயசாகிறது, பஸ் ஆட்டம் தாங்கவில்லை என்று நான்தான் மோர் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அப்படிப் போய்வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனையில் எல்லோரும் கையை உயர்த்தித் துதிக்கும்போது, ஆண்கள் பக்கத்தில் ஒரு கை மட்டும் மூடியிருந்தது. எல்லாக் கையும் விரிந்திருக்க, உன் அப்பா மட்டும் யாரையோ குத்தப்போவதுபோல வலது கையை முஷ்டியாகத் தூக்கிக்கொண்டு நின்றார். முடக்குவாதம்தான் வந்துவிட்டதோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. வீட்டில் கையைப் பிடித்து விரித்தேன். சுண்டுவிரல் நகத்தில் சிவப்பாக நெயில் பாலிஷ். நகத்தில் பாதி, சுற்றியிருந்த தோலில் மீதி. காதில் ஒரு பொட்டுத் தங்கம்கூடப் போடாத சபையில், எழுபது வயது மனிதர் அந்த விரலோடு நின்று துதித்திருக்கிறார்.

"இன்னாது இது?" என்றேன்.

"எது?"

"இந்த வெரல்ல."

"ஓ, அதுவா? தோல் சாயம்."

"வேலைய வுட்டு எட்டு வருசமாச்சு. எட்டு வருசம் உள்ளயே ஊறிக்கினு இருந்து இப்பத்தான் வெளிய வருதா சாயம்?"

"பஸ் கம்பில இன்னாமோ ஒட்டிக்கினு இருந்திச்சி."

"கம்பிய சுண்டுவெரல்லதான் புடிப்பீங்களா?"

"ஏம்மே பேஜார் பண்ற? தூங்க வுடு."

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் தூங்கவில்லை. போலீஸ்காரன் மாதிரி யோசித்தேன். பெரிய பெண்ணாக இருந்தால் ஒழுங்காகப் பூசியிருப்பாள். கைக்குழந்தையாக இருந்தால் அந்தப் புட்டியைத் திறக்கவே முடியாது. அப்படியென்றால் மூன்று வயது, அதிகம் போனால் நாலு. பெண் குழந்தை. தாத்தாவின் கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு நாக்கைத் துருத்தியபடி பூசியிருக்கிறாள். ஒரு விரலோடு நின்றுவிட்டது என்றால், அதற்குள் அவர் பதறியிருப்பார், இல்லை அவளுக்குச் சலித்திருக்கும். நீ யாரையோ கட்டிக்கொண்டாய் என்ற சேதி மட்டும் எப்போதோ என் காதில் விழுந்திருந்தது. உனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்பதை உன் அப்பாவின் நகத்தைப் பார்த்து நான் தெரிந்துகொண்டேன். பெற்ற தாய்க்கு இப்படியா சேதி வர வேண்டும்?

அந்தச் சாயம் சோப்புக்கும் போகவில்லை, சுண்ணாம்புக்கும் போகவில்லை. அப்படி இருக்கும்போதுதான் மூப்பர் வீட்டுக்கு வந்தார். கல்யாணத்துக்கு முன் மணப்பெண் வீட்டில் சாட்சி கேட்பது நம் சபை வழக்கம், உனக்கே தெரியும். எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, புறம்பானவர்களோடு ஐக்கியம் உண்டா என்று ஒவ்வொருவரையும் கேட்பார். உண்டு என்று ஒருவர் சொன்னாலும் கல்யாணம் சபையில் நடக்காது. உன் அண்ணன் இல்லை என்றான். அண்ணி இல்லை என்றாள். ஜெபா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு இல்லை என்றாள். சாமுவேல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு இல்லை என்றான். உன் அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கேட்பதற்கு முன்பே இல்லை என்றுவிட்டார். என் முறை வந்தது. "இல்லை ஐயா" என்றேன். அந்த வரிசையில் பொய் சொல்லாதவள் நான் ஒருத்திதான். பொய் சொன்னவர்கள் எல்லோரும் அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூப்பர் கிளம்பும்போது உன் அப்பா கேட்வரைக்கும் போனார். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஒட்டுக் கேட்டாய் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும், இந்த வீட்டில் நேராக எனக்கு எது சொல்லப்பட்டது? மூப்பர் வண்டியை உதைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "பிரதர், அது சோப்புக்குப் போவாது. கம்பெனில பசை தொடைக்கிற தின்னர் இருக்கில்ல, உங்க பையன கொஞ்சம் கொண்டாரச் சொல்லுங்க. துணில தொட்டு ஒரு இழுப்பு, போயிடும். எங்க வூட்லயும் அதான் பண்றோம்." வண்டி போய்விட்டது. உன் அப்பா கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். மூப்பர் வீட்டில் யார் கையில் யார் பூசினார்கள்? பெங்களூருக்கு வேலைக்குப் போன அவர் மகள் இந்தப் பக்கம் வருவதே இல்லையே, ஏன்? எனக்கு அந்த நிமிஷத்திலிருந்து மூப்பர்மேலும் சந்தேகம். சபையில் கை தூக்குகிறவர்களின் விரல்களை எல்லாம் இப்போது ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

ஜெபாவைத் தனியாகப் பிடித்தேன். பாங்கிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உன் சித்தப்பா மக பேரு இன்னாடி?" என்று நேராகக் கேட்டேன்.

சோப்பு நுரையோடு திரும்பினாள். "ஆயா! யாரு சொன்னாங்க உனக்கு?"

"உங்க தாத்தா வெரலு சொல்லிச்சி. யாரெல்லாம் போறீங்க அங்க?"

"எல்லாருந்தான் ஆயா."

"மாப்பிள்ளைக்கு?"

"அவருக்கும் தெரியும். சித்தப்பாகிட்ட போன்ல பேசிட்டாரு. அவங்க அம்மாவுக்குத்தான் தெரியாது."

"மூப்பருக்கு அவ்ளோ பயமாடி உங்களுக்கு?"

அவள் துண்டை எடுத்து ரொம்ப நேரம் முகத்தைத் துடைத்தாள். "மூப்பருக்கு இல்ல ஆயா. உனக்குத்தான்."

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சித்தப்பாதான் சொன்னாரு," என்றாள். "'எங்கம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. தெரிஞ்சா மூப்பர் கேக்கும்போது உண்மையச் சொல்லிடுவாங்க, அப்பறம் அவங்களையும் வெளிய நிறுத்திடுவாங்க. அவங்களுக்குத் தெரிய வேணாம்'னு." அந்தக் குழந்தையின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தாள். போனையும் எடுத்தாள். வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டேன்.

நீ நிஜமாகவே அப்படிச் சொன்னாயா? இல்லை, கிழவி மனசு ஒடிந்துவிடக் கூடாது என்று பாங்குக்காரி கட்டிச் சொன்னாளா? எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. நீ சொல்லியிருந்தால், உன்மேல் எனக்குக் கோபம் ஜாஸ்தி. எனக்காக நினைத்துப் பார்க்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? பத்து வயசில் உன் வாயிலிருந்து ஆமாம் வாங்கியவள் நான் என்றால், அறுபத்தைந்து வயசில் என் வாயிலிருந்து இல்லை வாங்கியவன் நீ. எனக்குத் தெரியாமல் மறைத்து வைத்தே அதை வாங்கினாய். இரண்டுக்கும் வித்தியாசம் எனக்குப் புரியவில்லை, உனக்குப் புரிந்தால் எழுது.

பெற்றவள் என்கிற முறையில் இரண்டு சொல்கிறேன், கேட்டாலும் கேட்காவிட்டாலும். உன் வீட்டுக்கு வந்து பிரியாணி சாப்பிட்டு, உன் குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு, இங்கே வந்து உன்னைத் தெரியாது என்று சாதிக்கிறவர்களை ரொம்ப நம்பாதே. அன்பு இருக்கிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாளைக்கு ஒரு நெருக்கடி வந்தால் அவர்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று அந்த வரிசையில் நான் என் கண்ணால் பார்த்தேன். இன்னொன்று, உன் மகளைப் பற்றி. சபை வேண்டாம் என்று போனவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். சிலர் வேண்டாம் என்பதையே ஒரு சபை ஆக்கிவிடுகிறார்கள், அதற்கும் ஒரு மூப்பர், அதற்கும் ஒரு ஆமென். நீ அந்த ரகமா என்று எனக்குத் தெரியாது. அவள் ஒரு நாள் ஜெபம் பண்ண ஆசைப்பட்டால் அவளைப் பார்த்துச் சிரிக்காதே. ஆசைப்படாவிட்டால் நான் தலையை ஆட்டிக்கொண்டு எந்தக் கரையிலும் நிற்க மாட்டேன். கேட்க வேண்டியதை அவளே கேட்கட்டும், வயசு வந்து.

கல்யாணத்துக்கு வா என்று இதில் எழுத மாட்டேன். அது ஜெபாவின் நாள். மாப்பிள்ளையின் அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பாசிமணியைப் பார்த்தாலே எழுந்து போய்விடுகிற மனுஷி. மற்றவர்கள் சொன்னது பொய் என்று நான் வெளியே சொல்லவும் மாட்டேன், அதை அவரவர்தான் இறக்கி வைக்க வேண்டும். ஆனால் கல்யாணம் முடிந்த அடுத்த ஞாயிறு, சாட்சி சொல்கிற நேரத்தில் நான் எழுந்து நிற்பேன். என் மகனுக்குக் கடிதம் எழுதினேன், இனியும் எழுதுவேன் என்று என்னுடையதை மட்டும் சொல்வேன். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வெளியே நிறுத்துவார்கள். சபைக் கல்லறையில் எனக்கு இடம் இருக்காது. உனக்கு முன்னால் பிறந்து எட்டு மாதத்தில் போன உன் இன்னொரு அக்கா அங்கேதான் இருக்கிறாள், அவள் பக்கத்தில் படுக்க வேண்டும் என்று நான் சொல்லிவைத்திருந்தேன். அவள் என்னைக் கோபித்துக்கொள்ள மாட்டாள். இது ஒன்றில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

உன் அப்பாவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. தின்னர் வந்துவிட்டது, விரலும் சுத்தமாகிவிட்டது. இந்த மாதமும் மாத்திரை வாங்க வேலூர் கிளம்புகிறார். மோர் கலந்து வைப்பேன். பசி இல்லை என்பார். சரி என்பேன். அவரோடு சேர்ந்து நானும் பஸ் ஏறிவிடலாம், யாருக்கும் தெரியாது. அப்படி வந்து உன் வாசலில் ஒளிந்துகொண்டு ஏற என்னால் முடியாது. ஏறினால் பகலில், எல்லோரும் பார்க்க ஏறுவேன். அதற்கு அந்த ஞாயிறு முடிய வேண்டும்.

அதுவரைக்கும் ஒன்று செய். உன் மகளை ஒரு புதுப் போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. செல்லில் அனுப்பி ஜெபாவைக் காட்டச் சொல்லாதே. அந்தக் கண்ணாடிக்குள் யார் குழந்தையை வேண்டுமானாலும் காட்டிவிடுவார்கள், நான் நம்ப மாட்டேன். கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்ததை அனுப்பி ஏமாற்றவும் வேண்டாம், இப்போது எப்படி இருக்கிறாளோ அப்படி வேண்டும். ஸ்டுடியோவில் கழுவிய போட்டோவாக, கையில் பிடிக்கிற மாதிரி இருக்கட்டும். பின்பக்கம் அவள் பெயரை நீயே எழுது. அவள் அம்மா பெயரையும் எழுது, அதையும் இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கல்யாணம் முடிந்த வாரத்தில் வந்து சேரும்படி போடு. அப்பா பெயருக்கோ அண்ணன் பெயருக்கோ போடாதே. கவரின்மேல் என் பெயரைப் பெரிதாக எழுது, அனுப்புகிறவர் என்கிற இடத்தில் உன் பெயரையும் அதே அளவுக்கு எழுது. தபால்காரர் வாசலில் நின்று சத்தமாகப் படித்துக் கூப்பிடட்டும்.